மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கக் கூடாது

மழை கொட்டும்போது ஒழுகாத வீடு, மழை விட்டு இரண்டு நாள் கழித்து, வெயில் அடிக்கும் நேரத்தில் சொட்டத் தொடங்கும். மேல்மாடியில் குடியிருக்கும் பலர் இதைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். காரணம் நம் ஊர் மொட்டை மாடியின் அமைப்பிலேயே இருக்கிறது. அடியில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம், நாலரை அல்லது ஐந்து அங்குலம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுமார் மூன்று அங்குலத் தளம். அதற்கும் மேல் சதுரத் தட்டோடு. ஓடுகளுக்கு இடையே மயிரிழை அளவு விரிசல் விட்டாலே போதும், மழைநீர் உள்ளே இறங்கிச் செங்கல் ஜல்லியில் தங்கிவிடும். அந்த ஜல்லி பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, நிதானமாகக் கீழே விடும். மேலே ஓடு காய்ந்து கால் வைக்க முடியாமல் சுடும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கிய இடத்தில், மழை விட்டுப் பல நாள் கழித்து ஒரு ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள். ஜல்லி கருத்துப்போய், அழுத்தினால் விரலில் ஒட்டும் அளவுக்கு நசநசவென்று இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் கூரைப் பராமரிப்பில் பாதி புரிந்த மாதிரி. மேல்தளத்தின் ஆயுளைக் குறைப்பது பெய்கிற மழை அல்ல. பெய்த பிறகு போகாமல் தங்குகிற தண்ணீர். ஆனால் ஒழுகல் என்றதும் நம் மனது நேராகப் பெயிண்ட் கடைக்குப் போகிறது. வெள்ளை நிற வாளி ஒன்றை வாங்கி இரண்டு கோட் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். முதலில் வாட்டம், அதாவது தளத்தின் சரிவு; அடுத்து தண்ணீர் வெளியேறும் வழி, அப்புறம்தான் பூச்சு. இந்த வரிசையை மாற்றிச் செலவு செய்கிறவர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை அதே செலவைத் திரும்பச் செய்கிறார்கள்.

தங்கும் தண்ணீர் கான்கிரீட்டை என்ன செய்கிறது? கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். புதிதாகப் போட்டதில் பிஎச் அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இருக்கும்வரை உள்ளே உள்ள கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி நிற்கும், கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிஎச் 9-க்குக் கீழே இறங்கியதும் படலம் போய்விடும். அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு ஆரம்பம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் காரம் குறையும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை நேரடியாகவே உடைத்துவிடும்.

துருப்பிடித்த கம்பி பெருக்கும். இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை துருவுக்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் அடிப்பக்கக் கான்கிரீட் பிளந்து, சிமென்ட் காரை பெயர்ந்து விழுகிறது. பழைய குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் காரை விழுந்த செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம். அன்றைக்குப் பெய்த மழையைப் பழி சொல்லிப் பயனில்லை. துரு பல வருடங்களாக உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதைப் பொறுத்தே துருவின் வேகம். இந்த இடைக் கான்கிரீட்டைத்தான் ‘கவர்’ என்கிறார்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, சாதாரணச் சூழலுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. கடலோரக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் கான்கிரீட் என்றால் 45. ஆனால் நம் பழைய வீடுகள் பலவற்றில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்பதே கிடையாது. சென்ட்ரிங் பலகைமேல் கம்பியைப் பரப்பி, இடையில் நாலு ஜல்லியைச் சொருகிக் கான்கிரீட்டைக் கொட்டியிருப்பார்கள். அந்த வீடுகளில் கம்பி ஏறக்குறைய பூச்சைத் தொட்டுக்கொண்டே படுத்திருக்கும். உங்கள் வீடு முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தையது என்றால் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கீழிருந்து பார்த்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். சீலிங்கில் ஓதம் அடித்துப் பெயிண்ட் உப்புவது முதல் நிலை. வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு இறங்குவதும், சில இடங்களில் அது ஊசி போலத் தொங்குவதும் அடுத்த நிலை. தண்ணீர் கான்கிரீட்டின் ஊடாகவே போய், அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அதற்கு அர்த்தம். செம்பழுப்புக் கறை, கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோட்டில் விரிசல் என்று பார்த்துவிட்டால் இனி தள்ளிப்போடக் கூடாது. ஒரு கம்பை எடுத்து சீலிங்கை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும். காரை விட்டுப்போன இடம் ‘டொப்’பென்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்து, அதன் கீழே கட்டில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் கலவையை அப்பிப் பூசி, மேலே பெயிண்ட் அடித்து மூடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறான வைத்தியம். துரு உள்ளே தொடர்ந்து வேலை செய்யும்; இரண்டு வருடத்தில் புதுப் பூச்சும் சேர்ந்து விழும். விட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, துருத்தடுப்பு பூசி, அதற்கென்று உள்ள பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்து மெலிந்திருந்தால் கொத்தனாரோடு முடிகிற விஷயமல்ல. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். மேலே தண்ணீர் இறங்கும் வழியை அடைக்காமல் கீழே எதைச் செய்தாலும் காசுக்குத்தான் கேடு.

சரி, மேலே போவோம். வாட்டம் என்பது தண்ணீர் தானாக ஓடிப்போகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. அறுபதுக்கு ஒன்று முதல் எண்பதுக்கு ஒன்று வரை இருந்தால் போதும். அதாவது பத்தடி தூரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறக்கம். கண்ணுக்கே தெரியாத சரிவு என்பதால், தளம் போடும்போது மேஸ்திரி நூல் கட்டிப் பார்க்காமல் கண் மதிப்பில் இழுத்துவிட்டால் எங்காவது குழி விழுந்துவிடும். உங்கள் மாடியில் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏறுங்கள். எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அந்த இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வேலைக்கு ஆள் வரும்போது எங்கே குழி என்று உங்களுக்கும் நினைவிருக்காது, அவருக்கும் தெரியாது. காய்ந்த மாடியில் கறுப்பாகப் பாசி படிந்து வட்டமாகத் தெரியும் இடங்களும் இதையேதான் சொல்கின்றன.

அடுத்தது தண்ணீர் வெளியேறும் வாய். இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் விழுவது 930 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. குழாய் வாய் அடைத்து, கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று வையுங்கள்: 45 டன். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமையை வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அந்த 150 கிலோ வந்துவிடுகிறது. குழாய் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு வேப்பிலையும் இவ்வளவு பெரிய ஆபத்தைக் கொண்டுவர முடியும்.

இதற்கான தற்காப்பு மலிவானது. குழாய் வாயில் தட்டையான சல்லடை மூடி போடாதீர்கள்; ஒரே ஒரு காகிதம் படுத்தால் அது மூடிக்கொள்ளும். குமிழ் போல மேலெழும்பி நிற்கும் மூடி போட்டால், அடியில் குப்பை சேர்ந்தாலும் மேல்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம்: கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு குழாய்த் துண்டைப் பதித்துவிடுங்கள். கீழ் வாய் அடைத்தாலும் அந்த உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது. அதில் தண்ணீர் கொட்டுவதைத் தெருவில் போகிறவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பழைய வீடுகளில் சுவரை விட்டு வெளியே நீண்டிருந்த தூம்புகள் இந்த வேலையைத்தான் செய்தன. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு மாடித் தண்ணீர் எல்லாம் குழாய்க்குள் போய்விட்டது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் கூடவே இந்தத் தூம்பையும் விட்டு வைத்திருக்கலாம்.

பழையதைப் பற்றிப் பேசும்போது மெட்ராஸ் டெரஸைச் சொல்லாமல் போக முடியாது. மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்காகச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் மரப்பலகையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. இன்று கான்கிரீட் தளத்தின் மேல் நாம் போடும் ஜல்லித் தளம் இந்தக் கூரையின் மேல்பாதிதான். பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பின் பெரிய குணம், சிறு விரிசலைத் தானே ஆற்றிக்கொள்வது. விரிசலில் இறங்கும் நீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, காற்றோடு சேர்ந்து மீண்டும் அங்கேயே கல்லாகப் படியவிடும். சிமென்ட் கலவை வேகமாக இறுகும், ஆனால் இந்த நெகிழ்வு அதற்கு இல்லை. அடிக்க ஆளில்லை, சுண்ணாம்பு நீற்ற நேரமில்லை என்று சிமென்ட்டுக்கு மாறியதில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. உங்கள் வீட்டில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் இருக்கிறது என்றால் தயவுசெய்து அதன்மேல் கான்கிரீட் போட்டு ‘பலப்படுத்த’ விடாதீர்கள். சுமை தாங்குவது மரம். சுவருக்குள் நுழைந்திருக்கும் அதன் முனை ஈரத்தில் உளுத்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை.

ஒழுகலின் ஊற்றைத் தேடும்போது, சீலிங்கில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். நீர் ஜல்லித் தளத்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்து, கான்கிரீட்டில் பலவீனமான இடம் கிடைத்ததும் இறங்கும். பெரும்பாலும் ஊற்று தளத்தின் நடுவில் இருக்காது, ஓரங்களில் இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முதல் சந்தேக இடம். வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. பத்து மீட்டர் நீளத் தளம் முப்பது டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நகரும். செங்கல் சுவர் அதே அளவுக்கு நகராது. அந்த இழுபறியில் மூலை பிளக்கிறது. அங்கே கலவையை வளைவாக, ஒரு கை அளவு சுவரின் மேலேறும்படி பூசி, நெகிழும் பூச்சு கொடுத்தால் நீர் உள்ளே இறங்க இடமிருக்காது. கைப்பிடிச் சுவரின் மேல்தலையும் பலர் கவனிக்காத இடம். அதில் விரிசல் விட்டால் தண்ணீர் சுவருக்குள்ளாகவே இறங்கி, தளத்துக்கு அடியில் போய்ச் சேரும். மாடி முழுக்கப் பூச்சு அடித்தும் ஒழுகல் நிற்கவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த மேல்தலையைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி இன்னொரு இடம். மழைக்காலம் முடிந்தும் ஒழுகல் நிற்கவில்லை என்றால் அநேகமாகத் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர்தான் காரணம். வழியும் குழாயை நேராக மழைநீர்க் குழாய் வாய்க்குக் கொண்டுபோய் விட வேண்டும். டிஷ் ஆன்டெனா, ஏசி வெளிப்பெட்டி, விசேஷத்துக்குப் பந்தல் போடும் ஆட்கள் அடிக்கும் ஆணி என ஒவ்வொன்றும் தட்டோட்டில் ஒரு துளை. பொருத்துகிறவர் நாளைக்கு இருக்க மாட்டார், துளை இருக்கும். சுவரிலோ கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டிலோ பொருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் கட்டைமேல் நிறுத்துங்கள். சூரிய மின் தகடு வைக்கப்போகிறவர்கள் கூரை வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். தகடு இருபத்தைந்து வருடம் நிற்கும். அதன் அடியில் போய் பின்னால் ரிப்பேர் பார்ப்பது பெரிய அவஸ்தை.

அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பறவை எச்சத்தில் வரும் விதை, கைப்பிடிச் சுவர் விரிசலில் விழுந்து முளைக்கிறது. இரண்டு இலை விட்டதும் விரலால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். ஒரு வருடம் விட்டுவிட்டால் வேர் விரிசலை விரித்துக்கொண்டு உள்ளே போய்விடும். மேலே வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். அப்போது சுவரை உடைத்து வேரை எடுப்பதைத் தவிர வழியில்லை. மரத்தை வெட்டப் பயந்து விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தை மதிக்கிறேன். அதனால்தான் கன்றாக இருக்கும்போதே எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடுங்கள் என்கிறேன்.

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் தளத்தின் மேல் நேரடியாக மண் கொட்டக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு ஈரமண் என்றால் சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்குக் குறையாது. மேலே சொன்ன 150-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைகளில் தென்னைநார்க் கழிவு கலந்து எடையைக் குறைத்து, செங்கல்லோ இரும்புத் தாங்கியோ வைத்து, அடியில் காற்றும் துடைப்பமும் போக இடம் விட்டால் தோட்டமும் நன்றாக இருக்கும், தளமும் கெடாது. செடியின் நிழல் தளத்துக்கு நல்லதுதான். வெப்பம் ஏறி இறங்குவது குறையும்.

பூச்சுக்கு இப்போது வருகிறேன். கடையில் அதிகம் விற்கும் அக்ரிலிக் வகை, விரிசலோடு கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கோடையில் தளத்தின் சூடு குறைந்தால் விரிவதும் சுருங்குவதும் குறையும், விரிசலும் குறையும். இதெல்லாம் உண்மையான பயன். ஆனால் அந்த வகைக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. நாள்கணக்கில் நீரில் கிடந்தால் இளகி, உரிந்து வரும். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே அடித்தால், வெயிலில் ஆவி எழும்பிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஆகவே குழியைச் சரிசெய்து, ஓட்டு இணைப்புகளைச் சுரண்டிப் புதுக் கலவை வைத்து, சணல் சாக்கு போட்டு ஒரு வாரம் நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் பூச்சு. பத்து வருட உத்தரவாதம் என்று வாளியில் எழுதியிருந்தாலும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை எடுக்காமல் மேல்மேலாகப் போட்டுக்கொண்டே போவது இன்னொரு வழக்கம். ஒரு அங்குலக் கலவை ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 டன் எடை. கூடவே, அடியில் சிக்கிய ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழேதான் வரும். ஓடு பாதிக்கு மேல் பொள்ளலாக ஒலித்தால், பழைய ஜல்லித் தளத்தையே கொத்தி எடுத்துவிட்டு வாட்டம் பார்த்துப் புதிதாகப் போடுவது, செலவு அதிகமானாலும், நேர்மையான தீர்வு. அப்போது குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் கீழே சீலிங்கைப் பார்த்த பிறகே மேலே ஓடு பதிக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தும் ஒப்பந்ததாரரிடம் இதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

ஓட்டு வீடுகளுக்குக் கணக்கே வேறு. அங்கே தண்ணீர் நிற்காது. ஓடு நகர்வதுதான் பிரச்சினை. பூனை, குரங்கு, தென்னை மட்டை என்று ஏதாவது ஒன்று ஓட்டை இடம் மாற்றிவிடும். வருடத்துக்கு ஒருமுறை உடைந்ததை மாற்றி, முகட்டு ஓட்டின் கலவையைப் பார்த்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்று கவனித்தால் போதும். கைமரம் நன்றாக இருக்கும் ஓட்டுக் கூரை தலைமுறைகள் தாண்டும்.

அடுக்குமாடிகளில் தொழில்நுட்பத்தைவிட மனிதர்கள் பெரிய சிக்கல். ஒழுகுவது மேல்தளத்துக்காரர் வீட்டில். மாடியோ எல்லோருக்கும் பொது. ‘என் வீட்டில் ஒழுகவில்லையே’ என்று தரைத்தளத்தில் இருப்பவர் பணம் தரத் தயங்குவார். துருப்பிடித்த தளம் அவர் தலைக்கும் மேலேதான் இருக்கிறது, நடுவில் இரண்டு வீடு இருந்தாலும். மாதப் பராமரிப்புத் தொகையில் ஒரு பங்கைக் கூரைக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கும் சங்கங்களில் இந்தச் சண்டை வருவதில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த பிறகு கொத்தனாரைத் தேடினால் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஈரத்தில் எந்த வேலையும் நிற்காது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது தார்ப்பாய் விரிப்பதும் படம் எடுத்து வைப்பதும் மட்டும்தான். தை பிறந்ததும் மதிப்பீடு வாங்குங்கள். மாசி, பங்குனியில் குழி, மூலை, ஓட்டு இணைப்பு வேலைகளை முடியுங்கள். சித்திரை வெயில் கொளுத்துவதற்கு முன் கலவை நன்றாக நனைந்து இறுக நேரம் கிடைக்கும். பூச்சைச் சித்திரையில், காலை வெயில் ஏறும் முன்னும் மாலையிலும் அடிக்கலாம். புரட்டாசியில் ஒருநாள் துடைப்பத்தோடு மேலே போய், குழாய் வாயைச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது கீழே வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.